இருபத்தொன்பது சொற்களும் ஓர் இலவச உரிமமும்

1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு ரயிலில் 50 எல்க் மான்கள் வந்து இறங்கின. மேற்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பிடிபட்டு, பாதிக் கண்டத்தைக் கடந்து வந்தவை அவை. பென்சில்வேனியாவின் சொந்த எல்க் மான்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கடைசி ஒன்றுவரை சுடப்பட்டுவிட்டன. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1906இல், மிச்சிகனிலிருந்து 50 வெள்ளைவால் மான்களையும் இப்படித்தான் விலைகொடுத்து வாங்கி வந்திருந்தார்கள். ‘பென்னின் காடு’ என்ற பொருளில் பெயர் பெற்ற மாநிலம், தன் காட்டில் விடுவதற்கு வெளியூரில் மான் வாங்கிய காலம் அது.

அதே 1913இல் பென்சில்வேனியா தன் குடிமக்களிடம் ஒரு புதிய கட்டணத்தைக் கேட்டது. இனி வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுக்கு 1 டாலர் கட்டி உரிமம் வாங்கிக்கொள்ள வேண்டும். மாநில வேட்டை ஆணையத்தின் செயலாளர் ஜோசப் கால்ஃபஸ் இதற்காகப் பல ஆண்டுகள் மன்றாடியிருந்தார். எதிர்ப்புக்கும் குறைவில்லை. எதிர்த்தவர்களில் பலர், பிரபுக்கள் மட்டுமே மான் சுடலாம் என்றிருந்த ஐரோப்பாவை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தாத்தா சுட்ட காட்டில் பேரன் சுட எதற்குச் சீட்டு என்ற கேள்வி அவர்களிடம் இயல்பாகவே எழுந்தது.

பதில் காட்டிலேயே இருந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் தொப்பியில் செருகும் இறகுக்கும் சந்தை ஏற்பட்டு, ரயில் வந்து சந்தையைப் பெரிதாக்கி, ஐம்பது ஆண்டுகளில் கண்டத்தின் விலங்குகளைத் துடைத்தெடுத்துவிட்டது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளில் சில நூறுதான் எஞ்சின. வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் பயணப்புறாக்களில் கடைசி ஒன்று, மார்த்தா என்று பெயரிடப்பட்ட பெட்டை, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவின் கூண்டில் செத்துக் கிடந்தது. நாடு முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம் அளவுக்குக் குறைந்திருந்தன.

தடைச்சட்டங்கள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றைக் காட்டில் நின்று நடைமுறைப்படுத்த ஆள் இல்லை, ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அந்தப் பணத்தைத் தேடியதில்தான் உரிமக் கட்டணம் பிறந்தது. 1895இல் மிச்சிகன் மான் வேட்டைக்கு உரிமம் கொண்டுவந்தது. உள்ளூர்க்காரருக்கு 50 சென்ட், வெளிமாநிலத்தவருக்கு 25 டாலர். அடுத்த ஆண்டே, கனெக்டிகட் மாநிலத்தில் கியர் என்பவர் தொடர்பான வழக்கில், காட்டு விலங்குகள் மக்கள் அனைவரின் பொதுச்சொத்து, மாநில அரசு அதன் காவலாளி என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு 1979இல் மாற்றப்பட்டாலும், பொதுச்சொத்து என்ற எண்ணம் அமெரிக்க வேட்டைக்காரர்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. சொத்து எல்லாருடையது, காவலாளியின் கூலியைக் கொடுப்பவர்கள் மட்டும் வேட்டைக்காரர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இலவச உரிமத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த எல்லா வழக்காடலுக்கும் அடியில் இந்தப் பொருத்தமின்மைதான் கிடக்கிறது.

ஒரு டாலர் உரிமம் பென்சில்வேனியாவில் என்ன செய்தது என்பதைக் காடே காட்டியது. காவலர்களுக்குச் சம்பளம் வந்தது. 1920இல் எல்க் கவுண்டியில் ஆணையம் தன் முதல் வேட்டை நிலத்தை விலைக்கு வாங்கியது. இன்று அப்படி வாங்கிய நிலம் சுமார் 15 லட்சம் ஏக்கர். வேட்டையாடாதவரும் அங்கே நடக்கலாம், பறவை பார்க்கலாம்.

ஆனால் உரிமப் பணம் சேரச் சேர அதன் மேல் மற்றவர்களின் கண்ணும் விழுந்தது. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் மாநில அரசுகளின் கஜானா வற்றியபோது, மான்களுக்காகக் கட்டிய பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அதே ஆண்டுகளில் வறட்சி நடுமேற்கின் சதுப்புகளைக் காய்ச்சிப் புழுதியாக்க, வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தது. ஐயோவா மாநிலத்துக் கேலிச்சித்திரக்காரர் ஜே நார்வுட் டார்லிங் அப்போது மத்திய அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கப்பட்டார். ‘டிங்’ என்று கையெழுத்திட்டுப் புகழ்பெற்றவர், 1924இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். 1934 மார்ச்சில் வந்த சட்டத்தின்படி வாத்து வேட்டையாடும் ஒவ்வொருவரும் 1 டாலர் கொடுத்து ஒரு முத்திரை வில்லை வாங்க வேண்டும். முதல் வில்லையின் படத்தை டார்லிங்கே வரைந்தார்: நீரில் இறங்கும் இரண்டு மல்லார்டு வாத்துகள். முதல் ஆண்டில் 6,35,001 வில்லைகள் விற்றன. அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கப் போனது.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய காரியம் நடந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1932 முதல் மத்திய அரசு 10 சதவீதக் கலால் வரி வசூலித்துவந்தது. அதை அப்படியே காட்டுயிர் மீட்புக்குத் திருப்ப வேண்டும் என்று ஒரு மசோதா தயாரானது. செனட்டில் நெவாடாவின் கீ பிட்மேனும், கீழவையில் வர்ஜீனியாவின் ஏ. வில்லிஸ் ராபர்ட்சனும் அதை முன்வைத்தார்கள். ராபர்ட்சன் தம் மாநிலத்தின் வேட்டை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். உரிமப் பணம் எப்படிக் காணாமல் போகும் என்று அருகிலிருந்து பார்த்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய முன்னாள் வீரரும்கூட. மசோதாவில் அவர் ஒரு சிறு வாசகத்தைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் மொத்தம் 29 சொற்கள். வேட்டைக்காரர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தை மாநில வேட்டை, மீன்வளத் துறையின் நிர்வாகத்தைத் தவிர வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்று எந்த மாநிலம் சட்டம் இயற்றுகிறதோ, அந்த மாநிலத்துக்கு மட்டுமே மத்திய நிதி. 1937 செப்டம்பர் 2 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்தச் சட்டத்தை இயற்றின.

பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டின் உள் இயக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலவச உரிமத்தின் கணக்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமான வரி இப்போது 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. இப்படிச் சேரும் நிதியின் பெரும்பகுதி இரண்டு அளவுகோல்களால் பங்கிடப்படுகிறது: பாதி, மாநிலத்தின் நிலப்பரப்பைப் பொறுத்து, பாதி, அங்கே பணம் கட்டி உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேலும் இல்லை, அரை சதவீதத்துக்குக் கீழும் இல்லை. ஒரு திட்டத்தின் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை மத்திய நிதி தரும்; மீதி ஒரு பங்கை மாநிலம் போட வேண்டும். அந்த ஒரு பங்கு பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. 1950இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டம் தூண்டில், கம்பு, மீன்பிடிச் சாமான்கள் மீதான வரியை இதே முறையில் மீன்வளத்துக்குத் திருப்பியது. அதில் உரிமக்காரர்களின் எண்ணிக்கைக்கு இன்னும் எடை கூடுதல், 60 சதவீதம். 2022இல் இரு நிதிகளும் சேர்ந்து மாநிலங்களுக்குக் கொடுத்தது சுமார் 150 கோடி டாலர்.

‘பணம் கட்டி’ என்ற சொல்லில் விரல் வைத்துக்கொள்ளலாம்.

படைவீரர்களுக்கு நாடு நன்றி செலுத்திய கதை தனியான ஒன்று, இதைவிடப் பழையது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1862இல், ஊனமுற்றுத் திரும்பியவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கிய மத்திய அரசு, 1890களில் தன் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அதற்கே செலவிட்டது. அந்தக் கணக்குகளை எழுத வாஷிங்டனில் 1887இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் மாளிகை இன்றும் நிற்கிறது, தேசியக் கட்டட அருங்காட்சியகமாக. சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் புடைப்புச் சிற்பம் ஓடுகிறது. காலாட்படை, குதிரைப்படை, காயம்பட்டோர், மருத்துவர்கள் என்று ஒரு முழுச் சேனையே ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஓய்வூதியத்தோடு வேறொரு வகை நன்றியும் கிளைவிட்டது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது. 1894இல் நியூயார்க் மாநிலம், போரில் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் தெருவில் கூவி விற்பதற்கு வழிசெய்யும் சட்டம் இயற்றியது. அதன் வழித்தோன்றலாகத்தான் இன்றும் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்து வாசலில் முன்னாள் வீரர்களின் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. சட்டமன்றங்களுக்கு இந்த வழி பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஓய்வூதியம் கொடுத்தால் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக ஏறி ஆண்டுதோறும் கண்ணில் படும். கட்டணத் தள்ளுபடி எந்த வரியிலும் ஏறாது. யாரும் எதிர்த்து வாக்களிக்கவும் மாட்டார்கள். காலை இழந்து வந்த ஒருவருக்குத் தூண்டில் போடும் உரிமத்தை இலவசமாகக் கொடுக்காதே என்று எந்த உறுப்பினர் எழுந்து பேசுவார்?

இரண்டாம் உலகப் போரில் 1.6 கோடி அமெரிக்கர்கள் சேவை செய்தார்கள். கொரியா, வியட்நாம், வளைகுடா, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று போர்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு தலைமுறையும் ஊர் திரும்பும்போது மாநிலச் சட்டமன்றங்கள் ஏதாவது ஒரு கதவைத் திறந்தன. வேட்டை, மீன்பிடி உரிமம் அவற்றுள் எளிதானது. அது மாநிலத்தின் கையிலேயே இருந்தது. அதனால் அளவுகோலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. படைச்சேவையால் வந்த ஊனத்தை முன்னாள் படைவீரர் நலத்துறை 10, 20, 30 என்று பத்துப் பத்தாக ஏறும் சதவீதத்தில் மதிப்பிடுகிறது. ஆரிகனில் 25 சதவீதம் இருந்தால் உரிமம் இலவசம். நியூயார்க்கில் 40 இருந்தால் 5 டாலருக்குக் கிடைக்கும். அலாஸ்காவிலும் டெக்சாஸிலும் 50. மிசூரியில் 60. மிச்சிகனில் 100.

இந்த எண்களை ஓர் உடம்பில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் தெரியும். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து செயற்கைக்கால் பொருத்திக்கொள்ளக்கூடிய வீரருக்கு நலத்துறையின் அட்டவணை தரும் மதிப்பு 40 சதவீதம். அந்த ஒரு காயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆரிகனில் அவருக்கு உரிமம் இலவசம், நியூயார்க்கில் சலுகை விலை. டெக்சாஸில் 50 எட்டாவிட்டாலும் கால் பயன்படாமல் போனவர்களுக்கென்று தனி வழி இருப்பதால் இலவசம். அலாஸ்காவின் வரம்பை அந்த 40 தொடாது. ஒரே குண்டு, ஒரே கால். குடியேறிய மாநிலத்தைப் பொறுத்து நாட்டின் நன்றி மாறுகிறது. இப்படிச் சிதறிக் கிடப்பதைப் பார்த்துத்தான், சதவீதமெல்லாம் வேண்டாம், படையில் இருந்த அனைவருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்ற மசோதாக்கள் மாநிலங்களில் அவ்வப்போது எழுகின்றன.

அப்படி ஒரு மசோதா வரும்போதெல்லாம் சட்டமன்ற அலுவலர்கள் அதனோடு நிதிக்குறிப்பு ஒன்றை இணைக்கிறார்கள். இழக்கும் வருவாய் இவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் எளிய பெருக்கல். உரிமம் 20 டாலர், இலவசமாக வாங்கப்போகிறவர்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 2 லட்சம் டாலர். இது முதல் அடுக்கு மட்டுமே. இரண்டாவது அடுக்கில், அந்த 2 லட்சம் மத்திய நிதியை இழுத்துவரும் கால்பங்காகப் பயன்பட்டிருந்தால் கூடவே 6 லட்சம் வந்திருக்கும். துப்பாக்கி விற்பனை ஏறி மத்திய நிதி பெருகிய ஆண்டுகளில், கால்பங்கைப் போடப் பணம் தேடி மாநிலங்கள் தடுமாறியதுண்டு. அந்த நேரத்தில் ஒரு டாலரின் பெறுமதி நான்கு டாலர்.

மூன்றாவது அடுக்கு ராபர்ட்சன் காலத்திலிருந்து வருவது. பணம் கட்டாமல் உரிமம் பெற்றவர், பணம் கட்டிய வேட்டைக்காரர்களின் தலைக்கணக்கில் சேரமாட்டார். மாநிலத்துக்கு நிகர வருவாய் தராத உரிமம் பங்கீட்டில் எண்ணப்படாது என்பது மத்திய விதி. 2019இல் திருத்தப்பட்ட விதி இதற்கு ஒரு தொகையையே குறித்தது: வேட்டைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2 டாலர், மீன்பிடிக்கு 2 டாலர் மாநிலத்தின் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆக, 2 டாலருக்கும் சுழியத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. சலுகை விலையில் ஐந்து டாலருக்கு உரிமம் வாங்கிய முன்னாள் வீரர் மாநிலத்துக்காக வாஷிங்டனில் ஒரு தலையாக எண்ணப்படுகிறார். முற்றிலும் இலவசமாக வாங்கியவர், அதே ஆற்றங்கரையில் அதே தூண்டிலோடு உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கணக்கில் இல்லை. தூண்டிலை வாங்கியபோது அதன் விலைக்குள் இருந்த வரியை அவரும் கட்டியிருக்கிறார். அந்த வரி இன்னொரு மாநிலத்துக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு மாநிலத்துக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இலவச உரிமத்தால் மத்திய நிதியின் மொத்தம் ஒரு சென்ட்கூடக் குறைவதில்லை. அது ஒரே குளத்து நீர். ஒரு மதகில் குறைந்தால் அடுத்த மதகில் கூடும். எல்லா மதகும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதுமில்லை. அலாஸ்கா தன் பரப்பாலேயே 5 சதவீத உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. அங்கே 50 சதவீத ஊனமுள்ள முன்னாள் வீரர்களுக்கு நிரந்தர உரிமம் இலவசமாகக் கொடுப்பதால் வேட்டை நிதியின் பங்கு குறைய வழியில்லை. ரோட் ஐலண்ட் போன்ற குட்டி மாநிலத்துக்கு எப்படியும் அரை சதவீதம் உறுதி. இடையில் இருக்கும் நடுத்தர மாநிலங்கள்தான் ஒவ்வொரு தலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நிதிக்குறிப்புகள் சில சமயம் மறுபக்கமும் தவறுகின்றன. இலவசமாக வாங்கும் ஒவ்வொருவரையும் பணம் கட்டியிருக்கக்கூடியவராக எண்ணினால் இழப்பு ஊதிப்போகும். இலவசம் என்பதாலேயே பல ஆண்டுகளுக்குப்பின் தூண்டிலைத் தூசி தட்டி எடுப்பவர்கள் உண்டு. அவர்களால் மாநிலம் எதையும் இழக்கவில்லை. கூடவே பேரனை அழைத்து வருவார்கள். பேரன் நாளை முழுக் கட்டணம் கட்டுவான். இதையெல்லாம் எண்ணில் அடக்குவது கடினம் என்பதால், இழப்பே இல்லை என்று ஒரு தரப்பும், துறையே மூழ்கிவிடும் என்று மறு தரப்பும் பேச இடம் கிடைக்கிறது. உண்மை ஒவ்வொரு மாநிலத்தின் உரிமப் பேரேட்டிலும் வேறு வேறாக இருக்கிறது.

மக்கள்தொகையின் போக்கு கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. 2000இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 2.64 கோடி பேர். 2018இல் 1.8 கோடி. இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை மறைய மறைய எண்ணிக்கை சரிந்தது. ஆனால் படைச்சேவையால் வந்த ஊனத்துக்கு ஈட்டுத்தொகை பெறுவோர் 2000இல் சுமார் 23 லட்சமாக இருந்து, 2022இல் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சின் விளைவுகளும், ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகையும், வெளியே தெரியாத மனக்காயங்களும் நோய்களாக ஒப்புக்கொள்ளப்பட்டது இதற்கு ஒரு காரணம். அவர்களுக்கு வெகு காலம் மறுக்கப்பட்ட நீதி அது. ஆகவே, படைவீரர்கள் குறைந்தாலும், ஊனச் சதவீதத்தால் இலவச உரிமத்துக்குத் தகுதி பெறுவோர் பெருகுகிறார்கள். மறுபக்கம் வேட்டைக்காரர்களின் கூட்டம் ஒரு கட்டத்தில் தளர்ந்தது. மத்திய அரசின் கணக்கெடுப்பில் வேட்டைக்குப் போனோர் 2011இல் 1.37 கோடி, 2016இல் 1.15 கோடி. ஐந்தே ஆண்டுகளில் இருபது லட்சத்துக்கு மேல் குறைவு.

முதியோர் சலுகையில் சில மாநிலங்கள் இதே சுவரில் முன்பே முட்டிக்கொண்டன. டெக்சாஸில் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லாத முதியவர்கள் யார் என்று சட்டம் சொல்லும்போது வயதைச் சொல்வதில்லை, பிறந்த தேதியைச் சொல்கிறது: 1931 ஜனவரி 1க்கு முன் பிறந்த மாநிலவாசிகள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியல் சுருங்குகிறது. புதிதாக யாரும் அதில் நுழைய முடியாது. கொடுத்த சலுகையைப் பிடுங்காமல், கதவை மெதுவாகச் சாத்திய விதம் அது.

படைவீரர்கள் விஷயத்தில் அப்படிச் சாத்த எந்த மாநிலத்துக்கும் மனம் வராது. அதனால் பல மாநிலங்கள் நடுவழி தேடின. நியூயார்க்கின் 5 டாலர் அப்படி ஒன்று. டென்னசியில் ஊனமுற்ற முன்னாள் வீரர் ஒரே முறை 10 டாலர் கட்டி ஆயுள்முழுதும் செல்லும் உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லாத இந்தத் தொகைகளைக் கஞ்சத்தனம் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருக்கும் கணக்கு தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது. அந்தச் சில டாலர்கள் வீரரின் பெயரைத் தலைக்கணக்கில் ஏற்றும் வாய்ப்பைத் தருகின்றன. கதவு முழுதாக அடைபடுவதில்லை.

மிசூரி மாநிலம் வேறு அடித்தளத்தின் மேல் நிற்கிறது. 1976இல் அங்கே வாக்காளர்கள் ஒரு திருத்தத்தை ஏற்றார்கள்: மாநிலத்தில் நடக்கும் விற்பனையில் எட்டில் ஒரு சதவீதம் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு. எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். வேட்டைக்காரர், வேட்டையை வெறுப்பவர், நகரத்து அடுக்குமாடியில் இருந்து மானையே பார்த்திராதவர் என்று எல்லாரும் சேர்ந்து காவலாளியின் கூலியைக் கொடுக்கிறார்கள். அங்கே 60 சதவீத ஊனமுள்ள முன்னாள் வீரரோ, போர்க்கைதியாக இருந்து மீண்டவரோ உரிமம் இல்லாமலே மீன் பிடிக்கலாம், சிறு விலங்குகளை வேட்டையாடலாம். உரிமக் கட்டணத்தை மட்டுமே நம்பி நிற்கும் மாநிலத்தைவிட மிசூரிக்கு அந்தப் பரிசு இலகுவானது. அமெரிக்காவில் இந்த விவகாரத்தை நேராக அணுகிய மாநிலம் என்று மிசூரியைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவு கணக்குக்கும் நடுவே, கொடுக்கப்படும் பொருள் எவ்வளவு மதிப்புள்ளது என்பது மறந்துவிடக் கூடாது. 2005இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி எட் நிக்கல்சன் காயமடைந்த வீரர்களைத் தூண்டில் போட அழைத்துப்போகத் தொடங்கினார். புல்வெளியில் தூண்டில்கயிற்றை வீசிப் பழகி, பிறகு ஆற்றுக்குப் போவார்கள். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பொய் ஈ கட்டுவது, கையை இழந்து புதுக் கையோடு பழகுகிறவருக்கு விரல் பயிற்சியாக அமைந்தது. ஓடும் நீரில் இடுப்பளவு நின்று ட்ரௌட் மீனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனம் வேறெங்கும் ஓடுவதில்லை என்று சொன்னவர்கள் பலர். ‘ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. ஆனால் ஆற்றில் மீன் இருந்தால்தான் இது நடக்கும். பல ஆறுகளில் அந்த மீன் மாநிலத்தின் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்தது. பொரிப்பகம் நடப்பது உரிமப் பணத்தில்.

இதே அமெரிக்காவில் மத்திய அரசு 2020இல் முன்னாள் வீரர்களுக்குத் தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தை நீக்கியது. 2021 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை ஆயுள் அனுமதியாக்கியது. அப்போது மற்றவர்களுக்கு ஓராண்டு அனுமதியின் விலை 80 டாலர். பூங்காக்களின் செலவில் பெரும்பகுதி பொதுவரிப் பணத்தில் நடப்பதால் அங்கே அந்த இழப்பை நாடே பகிர்ந்துகொள்கிறது. மாநில வேட்டை, மீன்வளத் துறைகளின் நிலை அப்படியில்லை. ஒரு வீரருக்கு மாநிலம் கொடுக்கும் இலவச உரிமத்தின் செலவை, பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் தன் கட்டணத்திலும், காட்டுவாத்து தன் சதுப்பிலும், ட்ரௌட் மீன் தன் ஓடையிலும் சுமக்கின்றன. போருக்கு அனுப்பியது நாடு முழுவதும். கடனும் நாடு முழுவதினுடையது. சட்டமன்றம் உரிமத்தை இலவசமாக்கும் அதே நாளில் பொது நிதியிலிருந்து அந்தத் தொகையைத் துறைக்கு எடுத்துவைத்தால் வீரருக்கும் குறையில்லை, மானுக்கும் குறையில்லை. அப்படி எடுத்துவைத்தால் நன்றிக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி ஏறும். ஒவ்வோர் ஆண்டும் வாக்களித்து உறுதிசெய்ய வேண்டியிருக்கும். 1890களில் மத்திய நாடாளுமன்றம் ஓய்வூதியத்துக்கு அதைத்தான் செய்தது, வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு போன போதும்.

டார்லிங் வரைந்த வில்லை இன்னும் விற்பனையில் இருக்கிறது, ஆண்டுதோறும் புதிய ஓவியத்தோடு. 2015 முதல் அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 16 வயது ஆன வாத்து வேட்டைக்காரர் அதை வாங்கியாக வேண்டும். படைச்சேவைக்கு அதில் தள்ளுபடி இல்லை. தள்ளுபடி கேட்டு வீரர்கள் தெருவில் இறங்கியதாகவும் இல்லை. இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஏதோ ஓர் ஊரின் தபால் நிலையத்தில், மாநிலம் இலவசமாகக் கொடுத்த உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு முன்னாள் சிப்பாய் 25 டாலரை எண்ணிக் கொடுத்து அந்த வில்லையை வாங்குகிறார். பிறகு பேனாவை எடுத்து, விதி சொல்கிறபடி, வாத்தின் படத்துக்குக் குறுக்கே மையால் தன் பெயரை எழுதுகிறார்.